சுண்ணாம்பு பூசினால் மட்டும் பசுமையாகிவிடுமா?

பழைய கட்டடத்தைச் சீரமைக்கிற வேலை என்றால் இப்போது தவறாமல் ஒரு வரி வந்துவிடுகிறது: 'சிமெண்ட் இல்லை, பாரம்பரியச் சுண்ணாம்பு, சுற்றுச்சூழலுக்கு உகந்தது.' கோயில் திருப்பணி, செட்டிநாட்டு வீட்டை ஹோட்டலாக்குவது, புதுச்சேரியில் பிரெஞ்சுக் காலத்து வீட்டைக் கஃபேயாக்குவது என்று எல்லாவற்றுக்கும் இதே வரிதான். வரி பொய்யில்லை. ஆனால் ஏன் உகந்தது என்று கேட்டால் பலரும் சொல்கிற காரணம் தப்பு. சுண்ணாம்பு சுடுவதற்கு சிமெண்டைவிடக் குறைந்த சூடு போதும், அதனால் புகை குறைவு என்பார்கள். சூடு குறைவு என்பது உண்மைதான், சுண்ணாம்புக்கல்லைச் சுட சுமார் 900 டிகிரி செல்சியஸ் போதும், சிமெண்ட் சூளைக்கு 1450 வரை போக வேண்டும். புகைக் கணக்குத்தான் இடிக்கிறது.

100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். மீதி 44 கிலோ எங்கே? கார்பன் டை ஆக்சைடாகக் காற்றோடு போய்விட்டது. இது விறகின் புகையோ கரியின் புகையோ இல்லை, கல்லுக்குள்ளேயே கட்டுண்டு கிடந்த வாயு. அப்படிப் பார்த்தால் ஒரு டன் சுட்ட சுண்ணாம்புக்குக் கல்லிலிருந்து மட்டும் சுமார் 785 கிலோ வாயு கிளம்புகிறது. சிமெண்டின் அடிப்படையான கிளிங்கரில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால் அங்கே கல்லிலிருந்து வருவது டன்னுக்கு 500 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். எரிபொருளையும் சேர்த்துப் பார்த்தால்கூட, சூளை வாசலில் நின்று டன்னுக்கு டன் ஒப்பிட்டால் சுண்ணாம்பு அப்படியொன்றும் யோக்கியன் இல்லை. உலகத்தில் மனிதர்கள் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடில் 7, 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது என்கிறார்களே, அதற்குக் காரணம் சிமெண்டை நாம் மலை மலையாகக் கொட்டுவது. நாளைக்கே எல்லோரும் அதே அளவுக்குச் சுண்ணாம்பைக் கொட்ட ஆரம்பித்தால் நிலைமை ஒன்றும் மாறிவிடாது.

சரி, அப்படியென்றால் பாரம்பரியச் சுண்ணாம்பு என்பது வெறும் விளம்பரமா? இல்லை. பழைய கட்டட வேலையில் சுண்ணாம்பு நல்லது என்பதற்குக் காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன, பெரும்பாலும் சூளையில் இல்லை, சுவரில்.

முதலில் அந்த வாயுவின் கதையை முடித்துவிடுவோம். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பை மணலோடு அரைத்துப் பூசினால் அது இறுகுவது தண்ணீரால் இல்லை, காற்றால். காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல உள்ளே இழுத்து மறுபடி சுண்ணாம்புக்கல்லாக மாறுகிறது. அதாவது சூளையில் விட்டதைச் சுவரில் திரும்பப் பிடிக்கிறது. எவ்வளவு தூரம் பிடித்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கவே ஒரு வழி உண்டு. சாந்தை ஒரு துண்டு உடைத்து, பள்ளிக்கூட வேதியியல் கூடத்தில் பார்த்திருப்போமே, பினாப்தலீன், அதைத் தெளித்தால் இறுகி முடிந்த வெளிப்பகுதி நிறம் மாறாமல் இருக்கும், உள்ளே இன்னும் காற்று போய்ச் சேராத பகுதி இளஞ்சிவப்பாகிவிடும். தடித்த சுவர்களில் பல வருடம் கழித்தும் உள்ளே சிவப்புத் தெரியும். ஆக, திரும்பப் பிடிக்கிறது என்பது உண்மை. ஆனால் பிடிப்பது கல்லிலிருந்து போன வாயுவின் ஒரு பெரும்பகுதியைத்தான், அதுவும் மெதுவாக. சூளையில் எரித்த விறகின் புகை திரும்பி வருவதில்லை. 'கார்பனே இல்லாத சுண்ணாம்பு' என்று யாராவது விற்றால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

இப்போது சுவருக்கு வருவோம். பழைய வீடுகளின் அடியில் தார்ப்பட்டையோ காங்கிரீட் பட்டையோ கிடையாது. நிலத்து ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும், இதைத்தான் ஓதம் என்கிறோம். ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் உலர்ந்துவிடும். அதனால் சுவரடியில் ஒரு முழம் உயரத்துக்குக் கறை இருக்குமே தவிர பெரிய கேடு ஒன்றும் வராது. யாரோ ஒருவர் அந்தக் கறையைப் பார்த்து எரிச்சல்பட்டு, 'ஸ்ட்ராங்கா சிமெண்டு பூசிடுங்க' என்று கொத்தனாரிடம் சொல்கிறார். முதல் இரண்டு வருடம் சுவர் பளிச்சென்று இருக்கும். ஆனால் ஈரம் ஏறுவது நிற்கவில்லை, வெளியேறும் வாசல் மட்டும் அடைபட்டிருக்கிறது. வாசல் அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறி, சிமெண்ட் பூச்சு முடிகிற இடத்துக்கு மேலே போய் வெளிப்படும். முன்பு முழங்கால் உயரத்தில் இருந்த கறை இப்போது ஜன்னல் மட்டத்தில். ஈரத்தோடு கரைந்து வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாக இறுகி, செங்கல்லை உள்ளிருந்தே நெட்டித் தள்ளும். இந்த வேலையில் சிமெண்டும் தன் பங்குக்கு உப்பைக் கொண்டுவந்து சேர்க்கும். ஒருநாள் அந்தப் பூச்சைத் தட்டினால் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் வரும். பெயர்த்தால் பலகை போல ஒரு துண்டாகக் கையில் வரும், அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு செங்கல்லின் முகமும் வரும். சுவரில் மிச்சமிருப்பது விரலால் சுரண்டினால் கொட்டுகிற செம்மண் பொடி.

சுண்ணாம்புப் பூச்சு இதற்கு நேரெதிர். அது சுவரைவிடப் பலவீனமானது, அப்படித்தான் இருக்க வேண்டும். உப்பு பூச்சில் வந்து பூக்கும், பூச்சு பொரிந்து உதிரும், சில வருடம் கழித்துச் சுரண்டிவிட்டு மறுபடி பூசிக்கொள்ளலாம். செங்கல்லுக்கு ஒன்றும் ஆகாது. நூறு வருடச் செங்கல்லைக் காப்பாற்ற சில வருடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் சுண்ணாம்பைச் செலவழிக்கிறோம். கணக்குப் போட வேண்டியது இங்கேதான். சிமெண்ட் பூசியதால் சுவரே போய், அதை இடித்து, புதுச் செங்கல் சுட்டு, லாரியில் ஏற்றி வந்து கட்டினால் ஆகும் கேட்டோடு ஒப்பிட்டால் சூளை வாசலில் பார்த்த வித்தியாசமெல்லாம் சில்லறை.

இன்னொன்று, சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரைப் பிரிக்கலாம். கரணையின் முனையால் நெம்பினால் செங்கல் முழுசாக வரும், ஒட்டியிருக்கும் சாந்தைத் தட்டிவிட்டு அடுத்த சுவருக்கு எடுத்துக்கொள்ளலாம். சிமெண்ட் சாந்தில் கட்டியதைப் பிரித்தால் சாந்து நிற்கும், செங்கல் உடையும், எல்லாம் குப்பை மேட்டுக்குத்தான் போகும். ஊரில் பழைய வீட்டை இடிக்கும்போது செங்கல்லை அடுக்கி வைத்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள். இப்போதைய கான்கிரீட் வீடுகளை இடிக்கும்போது அந்த அடுக்கு இருக்காது, சுத்தியல் வைத்த இயந்திரமும் தூசியும்தான்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். கதவு, நிலை, தூண், எனாமல் தட்டு என்று செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்த சாமான்களெல்லாம் அங்கே கிடைக்கும். மறுபயன்பாடு என்ற வகையில் இதுவும் பசுமைதான் என்று வாதாடலாம், பர்மா தேக்கு குப்பைக்குப் போகவில்லையே. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பிரித்தால் கதவுக்கும் தூணுக்கும் நல்ல விலை கிடைக்கும் என்பதே பல வீடுகளைப் பிரிக்கக் காரணமாகிவிடுகிறது. நிற்கிற வீட்டில் இருக்கும் செங்கல், சுண்ணாம்பு, தளம், ஓடு எல்லாவற்றையும் உடைத்துப் போட்டுவிட்டு நான்கு தூணைக் காப்பாற்றுவது மறுபயன்பாடு ஆகாது. செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் 2014-ல் சேர்ந்தன. பட்டியலில் சேர்வது இடிப்பதைத் தடுக்காது.

சுண்ணாம்புக் காரையைப் பற்றிப் பேசினால் கடுக்காயும் வெல்லமும் வராமல் போகாது. பலர் இதை ஏதோ சித்தர் ரகசியம் போலப் பேசுகிறார்கள், இன்னும் சிலர் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டுமே இல்லை. கடுக்காயை இடித்து, வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்துத் தண்ணீரில் சில நாள் ஊற வைப்பார்கள். நுரைத்துப் புளித்த வாடை வரும். அந்தத் தண்ணீரை ஊற்றித்தான் சுண்ணாம்பையும் மணலையும் அரைப்பது. முன்பு வட்டமான காடியில் கல்லுருளையை மாடு இழுக்கும், இப்போது மோட்டார் வைத்த அரைவை இயந்திரம். சர்க்கரைத் தண்ணீரில் சுண்ணாம்பு வெறும் தண்ணீரைவிடப் பல மடங்கு கரையும், சாந்து வழுவழுப்பாக வரும், குறைந்த தண்ணீரில் வேலை முடியும், அதனால் உலரும்போது விரிசல் குறையும். புளிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது, அது சாந்துக்குள்ளிருந்தே இறுகலுக்கு உதவுகிறது. கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் சுண்ணாம்போடு சேர்ந்து வேலை செய்கிறது. வேலூர் விஐடி-யில் இந்தக் கலவைகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்துக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். வெல்லம் அதிகமானால் இறுகுவது தாமதமாகும், ஆகவே 'நிறைய போட்டால் நல்லது' என்ற கணக்கு இதில் செல்லாது.

பசுமை என்ற கோணத்தில் இதில் எனக்குப் பிடித்த விஷயம், சேர்மானம் எல்லாம் பக்கத்திலேயே கிடைத்தது என்பது. செங்கல் சூளையில் உடைந்ததை இடித்துத் தூளாக்கிச் சேர்த்தால் சுண்ணாம்புச் சாந்து ஈரத்திலும் இறுகும், தண்ணீர்த் தொட்டி, பாலம், அஸ்திவாரம் எல்லாம் அப்படிக் கட்டியவைதான். பத்மநாபபுரம் அரண்மனையின் கறுத்த கண்ணாடித் தரையில் தேங்காய்ச் சிரட்டைக் கரி சேர்ந்திருக்கிறது என்பார்கள். வீணாகப் போகிற பொருளுக்கு ஒரு வேலை. செட்டிநாட்டு வெள்ளைப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருதான் எல்லாம் என்று ஒரு பேச்சு உண்டு. முட்டை உதவும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பளபளப்பில் பெரும்பங்கு பல அடுக்காகப் பூசி, ஒவ்வொரு அடுக்கும் பதமாக இருக்கும்போதே தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய கைகளுடையது. இந்தக் கையை விட்டுவிட்டு முட்டையை மட்டும் வாங்கிக் கொட்டினால் சுவர் நாறும், மின்னாது.

தளத்திலும் இதே கதை. மெட்ராஸ் டெரஸ் என்று பெயரே நம் ஊர்ப் பெயரில் இருக்கும் மச்சுத் தளம்: தேக்கு உத்தரங்களின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்துக்கல்லாக மூலைவாட்டில் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டே போவார்கள், அடியில் பலகை முட்டு எதுவும் கிடையாது, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், எல்லாவற்றுக்கும் மேலே தட்டையான ஓடு, அதாவது தட்டோடு. ஜல்லித் தளத்தைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடிப்பார்கள், கடுக்காய்த் தண்ணீர் தெளித்து மறுபடி அடிப்பார்கள், கட்டை துள்ளி எழும்பும் வரை நாள்கணக்கில் அடிப்பு நடக்கும். கம்பி இல்லை, அதனால் துரு இல்லை. வீட்டுக்குள் வெயில் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. இந்த மாதிரித் தளம் ஒழுக ஆரம்பித்தால் உடனே பிரித்துவிட்டு கான்கிரீட் போடச் சொல்வார்கள். பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது சுவருக்குள் செருகியிருக்கும் உத்தரத்தின் நுனி மட்டும்தான். அந்த நுனியை மட்டும் அறுத்துவிட்டுப் பழைய தேக்குத் துண்டால் ஒட்டுப்போட்டால் முழு உத்தரமும் தப்பும். மியான்மர் 2014-ல் தேக்கு மரத்தை வெட்டியபடியே ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. 'பர்மா தேக்கில் புதிதாகப் போட்டுத் தருகிறோம்' என்று யாராவது சொன்னால் எந்தக் காட்டிலிருந்து என்று கேட்பது நல்லது. கிராமத்து வீடுகளின் கூரையில் இருந்த பனைமரச் சட்டத்துக்கும், அதாவது பனங்கைக்கும், இதே கேள்வி உண்டு, தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அறிவித்துவிட்டார்கள். இடித்த வீடுகளிலிருந்து கிடைக்கும் பழைய பனங்கைதான் இப்போது வழி.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 'பாரம்பரியம்' என்றாலே இயற்கைக்கு நல்லது என்ற எண்ணம் கடற்கரைப் பக்கம் போனால் உடைந்துபோகும். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டி எடுத்துச் சுண்ணாம்பு சுட்டார்கள், அப்படியே கல்லாக அடுக்கிக் கட்டினார்கள். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் கல்லில் பவளத்தின் துளைகள் தெரியும். இப்படி வெட்டி வெட்டி, 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கிப் போயின. பாறை போனால் அலையைத் தடுக்க ஆள் இல்லை. 2001-ல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகுதான் வெட்டு பெருமளவு அடங்கியது. இலங்கையின் தென்மேற்குக் கரையிலும் சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டினார்கள், 2004 சுனாமியில் பாறை வெட்டப்பட்ட இடங்களில் அலை கூடுதலாக உள்ளே வந்தது என்று அளந்து எழுதியிருக்கிறார்கள். ஆகவே பவளக் கல்லால் கட்டிய ஒரு பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்க, 'அசல் பொருள்தான் வேண்டும்' என்று அடம்பிடிக்க முடியாது. பக்கத்தில் விழுந்து கிடக்கும் கல்லைத் திரட்டிக்கொள்ளலாம், இல்லையென்றால் அதே அளவு மென்மையும் துளையும் உள்ள வேறு கல்லைத் தேட வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பும் அப்படித்தான், கரையில் ஒதுங்கியதைப் பொறுக்குவது வேறு, ஏரியின் அடியைத் தோண்டி எடுப்பது வேறு. கல் சுண்ணாம்பு என்றால் சிக்கல் தரைக்கு வருகிறது. அரியலூர்ப் பக்கம் சிமெண்டுக்காகத் தோண்டும் சுண்ணாம்புக்கல்லில் கடல் உயிர்களின் தொல்லுயிர் எச்சங்கள் கிடக்கின்றன. அதுவும் ஒரு மரபுச் சின்னம்தானே, அதைச் சூளையில் போடுகிறோம். சொல்லப்போனால் சிமெண்டுக்கே நம் ஊரில் இப்படியொரு தொடக்கம் உண்டு. இந்தியாவில் சிமெண்ட் செய்து பார்த்த ஆரம்ப கால முயற்சிகளில் ஒன்று 1904-ல் சென்னையில் நடந்தது, மூலப்பொருள் கடற்சிப்பி. அது நிலைக்கவில்லை.

கோயில்களுக்கு வருவோம், தமிழ்நாட்டில் பழைய கட்டட வேலை அதிகம் நடப்பது அங்கேதான். கருங்கல் பகுதியில் நடந்த பெரிய அழிவு மணல் வீச்சு. கல்லைச் சுத்தம் செய்கிறோம் என்று காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு கல்லின் மேல்தோலும் கல்வெட்டு எழுத்தின் விளிம்பும் போயின. பிறகு தடை வந்தது. எண்ணெய்ப் பிசுக்குக்குத் தொல்லியல் துறை பயன்படுத்துவது நீர்த்த அம்மோனியாவும் வீரியம் குறைந்த சோப்புக் கரைசலும் நார் தூரிகையும்தான், மெதுவான வேலை, மணல் வேண்டாம், தூசி இல்லை, எழுத்து இருக்கும். கருங்கல் தளத்தின் மேல் டைல்ஸ் ஒட்டியது, பிராகாரத்து மண் தரையை சிமெண்டால் மூடியது, சுதைச் சிற்பத்துக்கு எனாமல் பெயிண்ட் அடித்தது, இவையெல்லாம் ஒரே வகைத் தவறு: மூச்சு விடுகிற பரப்பை அடைப்பது. பிராகாரத்தை மூடினால் மழைநீர் நிலத்தில் இறங்காமல் சுவரடிக்கு ஓடும், அங்கே ஓதமாக ஏறும், கிணறும் வற்றும்.

ஸ்ரீரங்கம் கோயிலுக்கு 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தபோது பலரும் கோபுர வண்ணத்தைத்தான் படம் போட்டார்கள். அங்கே நடந்த நல்ல வேலை வேறு. பிற்காலத்தில் ஒட்டிக் கட்டியவற்றை அகற்றினார்கள், பழைய மழைநீர் வடிகாலையும் நீர் சேகரிக்கும் அமைப்பையும் கண்டுபிடித்து மறுபடி ஓட விட்டார்கள். புதுப் பொருள் எதுவும் வாங்காமலே, இருந்ததை அடைப்பு நீக்கியே, வெள்ளம் தேங்குவதைத் தடுக்க முடிந்தது. 2024-ல் கும்பகோணத்தை அடுத்த துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோயிலுக்கும் யுனெஸ்கோ விருது வந்தது, சோழர் காலக் கோயில், பாழடைந்து கிடந்ததை மீட்டார்கள்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் சவுக்குத் தோப்பைப் பார்த்திருப்பீர்கள். அது நிழலுக்காக மட்டும் இல்லை. உப்புக் காற்றும் மணலும் நேராகக் கல்லில் மோதாமல் தடுக்க வைத்த வேலி அது. கல்லுக்குள் ஏற்கெனவே போய்விட்ட உப்பை எடுக்கத் தொல்லியல் துறை செய்வது இன்னும் எளிது: காகிதக் கூழைக் காய்ச்சி வடித்த நீரில் குழைத்துக் கல்லின் மேல் அப்பி விடுவார்கள், கூழ் காயக் காயக் கல்லுக்குள்ளிருக்கும் உப்பை ஈரத்தோடு உறிஞ்சிக்கொள்ளும், உரித்துப் போட்டுவிட்டு உப்பு குறையும் வரை மறுபடி அப்புவார்கள். காகிதம், தண்ணீர், பொறுமை. இதைவிடக் கேடில்லாத ரசாயன வேலை இருக்க முடியுமா தெரியவில்லை. இதற்கு மாற்றாகக் கல்லின் மேல் பாலிமர் பூச்சு அடித்து மூடிவிடலாம் என்று சொல்வோர் உண்டு, அடித்த பிறகு அதை எடுக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் இன்னும் சிமெண்ட் போகிறது? ஒரு காரணம் நாள்காட்டி. 12 வருடத்துக்கு ஒரு கும்பாபிஷேகம், தேதி குறித்துவிட்டால் மாற்ற முடியாது. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கடியில் வாரக்கணக்கில் ஊறப் போட வேண்டும், அடுக்கு அடுக்காகப் பூச வேண்டும், ஒவ்வொன்றும் காற்றை வாங்கி இறுக வேண்டும், நடுவில் மழை வந்தால் நிறுத்த வேண்டும். பந்தல்கால் நட்ட பிறகு ஸ்தபதி என்ன செய்வார், மூட்டையில் வரும் சுண்ணாம்புத் தூளோடு ஒரு சட்டி சிமெண்டைக் கலந்து சீக்கிரம் இறுக வைத்துவிடுவார். ஆவணத்தில் 'சுண்ணாம்புக் காரை' என்றே இருக்கும். இன்னொரு காரணம் விலைப்பட்டியல். ஒப்பந்தப் புள்ளியில் சதுர மீட்டருக்குப் பூச்சு என்று விலை போட இடம் இருக்கிறது, உத்தரத்தின் நுனியை ஒட்டுப்போட எத்தனை ஆள்கூலி என்று போட இடம் இருப்பதில்லை. பழுதுபார்ப்பில் செலவில் பெரும்பகுதி கூலியாகப் போகும், பொருளுக்குப் போவது குறைவு. கார்பன் கணக்கில் இது நல்ல செய்தி, உள்ளூரில் நாலு பேருக்கு வேலை கிடைப்பதும் நல்ல செய்தி. ஒப்பந்ததாரருக்கு மட்டும் பொருளில்தான் லாபம்.

முடியாத காரியம் இல்லை என்பதற்கு சேப்பாக்கத்தையே பார்க்கலாம். 1768-ல் ஆர்க்காட்டு நவாபுக்காகக் கட்டிய அரண்மனையின் ஒரு பகுதியான கலச மஹால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்து, கூரையெல்லாம் விழுந்து, ஒரு தீயணைப்பு அதிகாரியும் உயிரிழந்தார். இடித்துத் தள்ளியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். பொதுப்பணித்துறை அதைச் சுண்ணாம்புக் காரையிலேயே மீட்டுக் கட்டியது, மரபுக் கட்டடங்களுக்கென்று துறைக்குள் தனிப் பிரிவே வந்தது. இப்போது அந்தக் கட்டடத்தில் இயங்குவது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு! இதற்கு எதிர்த்திசையில் புதுச்சேரியின் பழைய நகராட்சிக் கட்டடமான மேரி, 2014 நவம்பர் மழையில் மொத்தமாக இடிந்து விழுந்தது, பிறகு புதிதாகத்தான் கட்ட வேண்டியிருந்தது.

எல்லா இடத்திலும் சிமெண்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் கழிப்பறையோ தண்ணீர்த் தொட்டியோ கட்டும்போது சிமெண்டில் கட்டலாம், சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்து கிளிங்கரைக் குறைத்த சிமெண்டில் சென்னை ஐஐடி உட்பட சில இடங்களில் நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. பழைய செங்கல்லைத் தொடாத வரை சரி.

கடைசியில் எல்லாவற்றிலும் மலிவானதும், பொருளே வேண்டாததுமான வேலை பராமரிப்பு. ஐப்பசி மழைக்கு முன்னால் மாடித் தூம்பில் சருகை எடுப்பது, தட்டோட்டு இடுக்கில் விரிசலைச் சுண்ணாம்பால் அடைப்பது, கோபுரத்திலும் கைப்பிடிச் சுவரிலும் முளைக்கும் அரசங்கன்றை இரண்டு இலையிலேயே பிடுங்குவது. விட்டுவிட்டால் வேர் சாந்துக்குள் இறங்கிவிடும், பிறகு இழுத்தால் செங்கல்லும் சேர்ந்து வரும், மேலே வெட்டினால் கீழிருந்து துளிர்க்கும், இணைப்பைப் பிரித்து வேரை எடுத்துச் சுண்ணாம்புக் கரைசல் ஊற்றி மறுபடி கட்ட வேண்டிவரும். இரண்டு இலையில் பிடுங்கியிருந்தால் ஒரு ஆளுக்கு அரை நாள் கூலி. ஆனால் அதற்கு உபயதாரரும் கிடைப்பதில்லை, பெயர் பொறிக்கக் கல்லும் கிடையாது, அதனால் வருடாந்திர வரவுசெலவில் தூம்பு சுத்தம், செடி பிடுங்கல் என்று தனியாக ஒரு தலைப்பு போட்டுப் பணம் ஒதுக்கச் சொல்லி அறங்காவலர் குழுவிடமோ வீட்டுப் பங்காளிகளிடமோ எழுத்தில் வாங்கிக்கொள்வது உத்தமம்.